கண்ணாடி மணியும் அப்பாவின் புல்லட்டும்

உங்க மடியில இருக்கிற லேப்டாப்போட மூடி அலுமினியமா? அப்படின்னா அதை ஒரு தடவை விரலால தடவிப் பாருங்க. வழவழன்னும் இருக்காது, சொரசொரன்னும் இருக்காது. வெளிச்சத்துல பிடிச்சா நம்ம மூஞ்சி தெரியாது, மெத்துன்னு ஒரு வெள்ளி நிறம்தான் தெரியும். அந்தத் தோல் தானா வந்தது இல்லீங்க. அந்த மாதிரி மூடிகள்ல பலதும் ஆனோடைஸ் பண்றதுக்கு முன்னாடி கோடிக்கணக்கான குட்டி உருண்டைகள்கிட்ட அடி வாங்கினதுதான்.

அந்த அடிக்குப் பேரு பீட் பிளாஸ்டிங். உருண்டை கண்ணாடியா இருந்தா கிளாஸ் பீட் பிளாஸ்டிங். தமிழ்ல 'கண்ணாடி மணி வீச்சு'ன்னு நானே ஒரு பேரு வச்சிருக்கேன். இதைவிட நல்ல பேரு இருந்தா சொல்லுங்க, மாத்திக்கிறேன்.

பொட்டி தட்டுற பயலுக்கு இதுல என்ன வேலைன்னு கேக்குறீங்களா? படிச்சது மெக்கானிக்கல், சோறு போடுறது ஜாவா. நம்மள்ல பாதிப் பேரு கதை இதுதானே :) நாலு வருஷப் படிப்புல இந்த விஷயம் ரெண்டு மார்க் கேள்வியா வந்துட்டுப் போச்சு. அதுக்கு அர்த்தம் புரிஞ்சது இந்த வருஷம்தான், அப்பாவோட புல்லட் புண்ணியத்துல.

வண்டி

1986 மாடல் 350 புல்லட். அப்பா வாங்கினது செகண்ட் ஹேண்ட்ல. எங்க ஊரு சங்கரன்கோவில். வெளியூர்க்காரங்களுக்குக் கோமதி அம்மனும் ஆடித்தபசும் தெரியும். பிரியாணி ஆசாமிகளுக்கு அது வேற காரணத்துக்காகத் தெரியும். ஆனா ஊருக்குள்ள வந்து ரெண்டு தெரு நடந்தா முதல்ல காதுல விழுறது தறிச் சத்தம்தான். அப்பாவும் தறி வச்சிருந்தவரு. சேலைக் கட்டைப் பின்னாடி ஏத்திக்கிட்டு அந்த வண்டி ஓடாத ரோடு கிடையாது. தறியை நிறுத்தின பிறகு வண்டியும் நின்னுபோச்சு. ஆறு வருஷம் திண்ணை ஓரமா சாக்கு போத்திக் கிடந்துச்சு.

ஆர்.சி.யைப் புதுப்பிக்கணும்னு ஒரு பேச்சு வந்தப்போ, சரி, பண்றதுதான் பண்றோம், முழுசா பிரிச்சு மாட்டிருவோம்னு நான்தான் ஆரம்பிச்சேன். தெருமுனை மெக்கானிக் அண்ணாச்சி ரெண்டே நாள்ல மொத்தத்தையும் பிரிச்சுப் போட்டுட்டாரு. கிரேங்க் கேஸ் ரெண்டு பாதி, டைமிங் கவர், சிலிண்டர் ஹெட், கார்புரேட்டர்னு அலுமினிய சாமான் எல்லாம் ஒரு பக்கம். நாப்பது வருஷத்து ஆயிலும் புழுதியும் வெந்து கருகி, அதெல்லாம் அலுமினியம்னே சொல்ல முடியாது, கரிச்சட்டி மாதிரி இருந்துச்சு.

"இதெல்லாம் கையில தேச்சா வராது அண்ணாச்சி, சாண்ட் பிளாஸ்ட்டுக்குக் குடுத்துருவோம். கழுவின பாத்திரம் மாதிரி ஆக்கிக் குடுத்துருவான்"னாரு அப்பாகிட்ட.

மெயின் ரோட்டு ஓரம் ஒரு தகர ஷெட்டு. பேரெல்லாம் வேண்டாம், அது மாதிரி எல்லா ஊர்லயும் இருக்கு. கேட்டுக்கு, ஜன்னல் கம்பிக்கு, லாரி சேசிஸுக்கு எல்லாம் அங்கதான் துரு எடுப்பாங்க. நாங்க போனப்போ ஒரு பையன், இருபது வயசுகூட இருக்காது, கையில ஹோஸைப் பிடிச்சிக்கிட்டு ஒரு கேட்டை அடிச்சிட்டிருந்தான். சுத்தி வெள்ளையா புகை. புகை இல்ல, தூசி. கண்ணுக்கு ஒரு கூலிங்கிளாஸ். மூஞ்சில ஈரத்துண்டு ஒண்ணைச் சுத்தியிருந்தான். எங்களைப் பாத்து நிறுத்திட்டுத் துண்டை அவுத்தான். இருமினான். கொஞ்ச நேரம் நிக்காம இருமினான். அப்புறம் சிரிச்சிக்கிட்டே "என்ன சாமான் அண்ணாச்சி?"ன்னான்.

அப்பா சாக்கைப் பிரிக்கவே இல்ல. "பொறவு வாரோம் தம்பி"ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு.

வழியில நான் கேட்டேன், என்னப்பா ஆச்சுன்னு. கொஞ்ச தூரம் பேசாம வந்துட்டு, "முப்பது வருசம் தறிக்கூடத்துல பஞ்சுத் தூசியத் தின்னவம்ல நான். இருமல் எது எதுன்னு எனக்குத் தெரியும். நம்ம வண்டி பளபளப்பா ஆவதுக்கு அந்தப் பய நெஞ்சு போணுமா?"ன்னாரு.

நாங்க ஒருத்தர் குடுக்கலைன்னு அந்த ஷெட்டு மூடப்போறது இல்ல. அது அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இல்ல. அன்னைக்கு ராத்திரி உக்காந்து படிக்க ஆரம்பிச்சேன்.

மணலும் கண்ணாடியும்

மணலை வேகமா வீசிப் பரப்பைச் சுத்தம் பண்ற வேலைக்கு 1870ல காப்புரிமை வாங்கினவரு பெஞ்சமின் டில்மேன்ங்கிற அமெரிக்கர். ரொம்ப எளிமையான யோசனை. காத்தோட அழுத்தத்துல மணலை ஒரு குழாய் வழியா விட்டா, ஒவ்வொரு மணலும் ஒரு குட்டி உளி. மணல் கூர் கூரா இருக்கும். பட்ட இடத்தைச் செதுக்கும். துருவும் போகும், பெயிண்டும் போகும், கூடவே அடியில இருக்கிற உலோகத்துலயும் கொஞ்சம் போகும்.

பிரச்சினை மணலுக்கு என்ன ஆகுதுங்கிறதுல இருக்கு. வேகமா போய் மோதின மணல் உடைஞ்சு பொடியாகுது. அந்தப் பொடியில பத்து மைக்ரானுக்கும் கீழ இருக்கிற துகள் மூக்கு, தொண்டை எல்லாத்தையும் தாண்டி நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போயிரும். மணல்ங்கிறது படிக வடிவத்துல இருக்கிற சிலிக்கா. அது உள்ள போனா உடம்பு அதைக் கரைக்கவும் முடியாம, வெளிய தள்ளவும் முடியாம, சுத்தித் தழும்பு கட்டிக்குது. தழும்பு கூடக் கூட மூச்சு குறையுது. இதுதான் சிலிகோசிஸ். திருப்பிச் சரி பண்ண மருந்து கிடையாது. காசநோய் தொத்துற வாய்ப்பும் கூடுது. ஈரத்துண்டு இந்தத் துகளைத் தடுக்காது. துண்டோட நூல் இடைவெளி அதுக்குக் கோயில் வாசல் மாதிரி.

இது நேத்து கண்டுபிடிச்ச விஷயம் இல்ல. 1949ல போட்ட விதிகள் மூலமா பிரிட்டன் வார்ப்புச் சாமான்களை மணல் வச்சு அடிக்கிறதைத் தடை செஞ்சிருச்சு. நம்ம நாட்டுல 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே, அறிவிச்சே ஆகவேண்டிய நோய்கள் பட்டியல்ல சிலிகோசிஸ் இருந்துச்சு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997ல படிக சிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் வகையில சேர்த்துச்சு. துருக்கியில ஜீன்ஸ் பேண்ட்டை வெளுத்த மாதிரி ஆக்குறதுக்கு மணல் அடிச்ச பசங்க வரிசையா நோயில விழுந்த பிறகு, 2009ல அங்க அதைத் தடை பண்ணாங்க. முட்டிக்கிட்ட வெளுத்த ஜீன்ஸ் நாமளும் போட்டிருப்போம்தானே.

இப்ப கண்ணாடிக்கு வருவோம். வேடிக்கை என்னன்னா, கண்ணாடியும் மணல்ல இருந்து வந்ததுதான். மணலோட சோடாவும் சுண்ணாம்பும் சேத்து உருக்கினா கண்ணாடி. அதுலயும் முக்கால்வாசிக்குக் கிட்ட சிலிக்காதான். ஆனா உருகி ஆறும்போது அந்தப் படிக ஒழுங்கு கலைஞ்சிருது. அணிவகுப்புல நின்ன ஆளுங்க கலைஞ்சு சந்தைக்கூட்டம் ஆன மாதிரி. நுரையீரலை அரிக்கிற குணம் அந்தப் படிக வடிவத்தோட சேந்தது. கண்ணாடியில அது இல்ல. அதுக்காகக் கண்ணாடித் தூசியை இழுத்து இழுத்துச் சுவாசிக்கலாம்னு அர்த்தம் இல்ல. எடுக்கிற பழைய பெயிண்ட்ல ஈயம்கூட இருக்கலாம். அதனால மூடின பெட்டி, தூசி உறிஞ்சி, முகமூடி எல்லாம் இதுக்கும் வேணும்.

ரெண்டாவது வித்தியாசம் வடிவம். மணல் கூர், மணி உருண்டை. கூரான பொருள் பட்டா கீறும். உருண்டையான பொருள் பட்டா அமுக்கும், குட்டியா ஒரு குழி விழும். மேல ஒட்டியிருக்கிற கரி, ஆயில் பிசுக்கு எல்லாம் தெறிச்சுப் போகும், அடியில இருக்கிற உலோகம் கிட்டத்தட்ட போன மாதிரியே இருக்காது. அளவு மாறாது. பேரிங் உக்கார வேண்டிய இடத்துக்கு நூறுல ஒரு மில்லிமீட்டர்கூடக் கணக்கு. இன்ஜின் சாமானுக்கு மணி ஏன், மணல் ஏன் இல்லைங்கிறதுக்கு இது ஒண்ணே போதும்.

லட்சக்கணக்கான சுத்தியலால மெதுவா தட்டின மாதிரி ஆகுறதால, உலோகத்தோட மேல்தோல் கொஞ்சம் இறுகியும் போகுது. இதையே கணக்காப் பண்ணா பீனிங்னு பேரு. தோல் இறுக்கமா இருந்தா விரிசல் சுலபமா ஆரம்பிக்காது. விமான இன்ஜின் பாகங்களுக்கு இதை வேணும்னே செய்யுறாங்க.

கொசுறா ஒரு கணக்கு, இன்ஜினியர் புத்தி சும்மா இருக்காதே. 0.1 மில்லிமீட்டர் விட்டம் உள்ள ஒரு கண்ணாடி மணியோட எடை, ஒரு கிராமை எட்டு லட்சமாப் பிரிச்சா ஒரு பங்கு, கிட்டத்தட்ட. 25 கிலோ மூட்டையில சுமார் 1,900 கோடி மணி! உலக ஜனத்தொகையைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. விட்டம் ரெண்டு மடங்கானா எடை எட்டு மடங்கு, அதே வேகத்துல அடியும் எட்டு மடங்கு. அதனாலதான் எந்த சைஸ் மணின்னு கேட்டுக்கிட்டு வேலையைக் குடுக்கணும்.

இதே மாதிரி மணியை நீங்க தினமும் பாக்குறீங்க, தெரியுமா? ராத்திரி கோவில்பட்டி பக்கம் நாலுவழிச் சாலையில போகும்போது, ஹெட்லைட் பட்டா ரோட்டு வெள்ளைக்கோடு பளிச்சுன்னு மின்னுதே, அதுல தூவியிருக்கிறதும் கண்ணாடி மணிதான். வந்த வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புறது அந்த உருண்டையோட வேலை.

கோயம்புத்தூர்ப் பயணம்

காலேஜ் நண்பன் ஒருத்தன் கோவையில பம்ப் கம்பெனியில இருக்கான். போன் பண்ணா, "மாப்ள, இங்க தடுக்கி விழுந்தா வார்ப்படப் பட்டறை. நீ சாமானைத் தூக்கிட்டு வா"ன்னான். சாக்குல கட்டி, பஸ்ஸுல ஏத்தி, "தம்பி, உள்ள என்ன பொணமா? இந்தக் கனம் கனக்கு"ன்னு கண்டக்டர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டு, லக்கேஜ் டிக்கெட்டும் எடுத்து, போய்ச் சேந்தோம். அப்பாவும் வந்தாரு. வேண்டாம்னாலும் கேக்கல.

பட்டறை சின்னதுதான். ஓரமா பீரோவைச் சாச்சு வச்ச மாதிரி ஒரு இரும்புப் பெட்டி. முன்னாடி ஒரு கண்ணாடி ஜன்னல், கீழ ரெண்டு ஓட்டை, அதுல உள்பக்கமா நீட்டிக்கிட்டிருக்கிற நீள ரப்பர் கையுறை. பின்னாடி தூசி உறிஞ்சி ஓடுது. ஆள் வெளிய நின்னு, கையுறைக்குள்ள கைய விட்டு, காலால பெடலை மிதிச்சா உள்ள மணி பாயும். வெளிய ஒரு பொட்டுத் தூசி இல்ல. அப்பா முதல்ல பாத்தது சாமானை இல்ல, அந்த ஆபரேட்டர் அண்ணன் மூஞ்சியத்தான். அவருக்கு அம்பது வயசு இருக்கும். "எத்தன வருசமா இந்த வேலை?"ன்னு அப்பா கேட்டாரு. "பதினேழு வருசமுங்க"ன்னாரு. அப்பா தலையாட்டிட்டு, அதுக்கப்புறம்தான் சாக்கை அவுத்தாரு.

நான் நெனச்சிருந்தது, பெட்டியில போட்டா அடிச்சுக் குடுத்துருவாங்கன்னு. ஆனா அவங்க அடிச்ச நேரம் கொஞ்சம், அதுக்கு முன்னாடி செஞ்ச வேலைதான் ஜாஸ்தி. முதல்ல எல்லாத்தையும் கரைப்பான்ல ஊறவச்சு ஆயிலை எடுத்தாங்க. ஆயிலோட உள்ள போட்டா மணி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டியாயிருமாம், சாமான்லயும் கறை படியுமாம். அப்புறம் காய வச்சு, பேரிங் உக்காரும் இடம், கேஸ்கெட் முகம், மரை உள்ள ஓட்டை, ஆயில் போற வழி எல்லாத்தையும் டேப்பும் ரப்பர் அடைப்பானும் வச்சு மூடுனாங்க. ஒரு கேஸுக்கு மட்டும் அரைமணி நேரத்துக்கு மேல ஆச்சு.

"மூடுறதுதானுங்க வேலையே. அடிக்கிறத யாரு வேணா அடிப்பாங்க"ன்னாரு அந்த அண்ணன்.

அடிக்கும்போது நேராக் குத்தி அடிக்கல. கொஞ்சம் சாய்வா, ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, தோசைக்கு எண்ணெய் சுத்துற மாதிரி நிறுத்தாம நகர்த்திக்கிட்டே போனாரு. ஜன்னல் வழியா பாத்தா, கரிக்குள்ள இருந்து வெள்ளி ஒரு பட்டையா வெளிய வருது. அப்பா குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னாரு. சொன்னா நம்ப மாட்டீங்க, புது வண்டி வாங்குனா எப்படி ஒரு சிரிப்பு வருமோ, அந்தச் சிரிப்பு.

சிலிண்டர் பேரலை மட்டும் அண்ணன் தனியா எடுத்து வச்சுட்டாரு. அந்தக் காலத்துப் புல்லட்டுல அது வார்ப்பிரும்பு, துடுப்பு துடுப்பா துரு ஏறிக் கெட்டிப்பட்டிருந்துச்சு. "இதுக்கு மணி ஆகாதுங்க. மணி வெட்டாது, தட்டும். துருவ வெட்டோணும்"ன்னு அலுமினியம் ஆக்சைடு போட்ட வேற பெட்டிக்கு அனுப்பிட்டாரு. எல்லாத்துக்கும் ஒரே மருந்து இல்லைன்னு அவரே சொன்னதுல எனக்கு நம்பிக்கை கூடிப்போச்சு.

ஆணியால கீறின தேதி

இப்ப வர்றதுதான் நான் இந்தப் பதிவை எழுதவே காரணம்.

டைமிங் கவரை எடுத்து உள்பக்கம் திருப்பினப்போ, பிசுக்குக்கு அடியில ஏதோ கீறல் தெரிஞ்சுது. அண்ணன் துணியால தொடைச்சாரு. ஆணியால கீறின எழுத்து. ரெண்டு இனிஷியல், பக்கத்துல 9-2-97.

அப்பா வாங்கிப் பாத்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னாரு. முதல்தடவை இன்ஜின் இறக்கி ரீபோர் பண்ணது அன்னைக்குத்தானாம். பண்ணது எங்க தெருவுல இருந்த பழைய மெக்கானிக். எந்த இன்ஜினைப் பிரிச்சாலும் உள்ள இப்படித் தேதியைக் கீறி வைக்கிறது அவரு பழக்கமாம், அடுத்து பிரிக்கிறவனுக்குத் தெரியட்டும்னு. அவரு போய்ச் சேந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. அவருக்கு இப்படி ஒரு எழுத்து எங்க வண்டிக்குள்ள இருக்குன்னு அப்பாவுக்கே அன்னைக்கு வரைக்கும் தெரியாது. 97 பிப்ரவரின்னா நான் பிறக்கிறதுக்கு ஆறு மாசம் முன்னாடி.

"இது போயிருமா?"ன்னு கேட்டாரு.

"கீறல் லேசாத்தானுங்க இருக்குது. அடிச்சா மழுங்கிப் போகும். எழுத்து தெரியறது சந்தேகம்தான்"ன்னாரு அண்ணன்.

மணி உலோகத்தை எடுக்காதுன்னு மேல சொன்னேன். எடுக்காதுதான். ஆனா லேசான கீறலோட கரையை எல்லாம் தட்டித் தட்டி அமுக்கிரும். அளவு மாறாது, எழுத்து போயிரும். சாமானுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அதுல இருந்த சேதி போச்சு.

நாலு மடிப்பு டேப்பு ஒட்டினாங்க. இன்ஜின் நம்பர் மேலயும் அதே மாதிரி. அடிச்சு முடிச்சு டேப்பை உரிச்சா, பளபளன்னு வெள்ளி கவருக்கு நடுவுல தீப்பெட்டி சைஸ்ல ஒரு கறுப்புக் கட்டம், அதுக்குள்ள அந்தத் தேதி. பாக்க அசிங்கமாத்தான் இருந்துச்சு. அப்பா அதைத்தான் தடவித் தடவிப் பாத்துக்கிட்டு வந்தாரு, பஸ்ஸுல ஊர் வந்து சேர்ற வரைக்கும்.

கல்லுக்குள்ள இருக்கிற தேதி

பழைய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிச்சவங்களுக்குத் தெரியும், நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுத்துக் குடுக்கணும். நம்பர் மேல பேப்பரை வச்சுப் பென்சிலால தேய்ச்சா, குழியா இருக்கிற எழுத்து வெள்ளையா நிக்கும், சுத்தி கறுப்பா இருக்கும். ஊருக்கு வந்த பிறகு வீட்டு முத்தத்துல உக்காந்து இதைப் பண்ணிக்கிட்டிருந்தப்போதான், இது எங்கயோ பாத்த வேலையா இருக்கேன்னு தோணுச்சு.

கல்வெட்டுப் படி எடுக்கிறது! கல்லைச் சுத்தம் பண்ணி, ஈரப்படுத்தின பேப்பரை ஒட்டி, பிரஷ்ஷால அடிச்சு எழுத்துக் குழிக்குள்ள பேப்பரை இறக்கி, மேல மை ஒத்துவாங்க. எழுத்து வெள்ளையா, சுத்தி கறுப்பா வரும். ஹூல்ஷ் என்கிற ஜெர்மன் அறிஞர் 1886ல சென்னை அரசாங்கத்தோட கல்வெட்டு ஆய்வாளரா வந்தாரு. தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி 1890ல வந்துச்சு. நம்ம மன்னர் எந்த வருஷம் எந்த ஊருக்கு என்ன குடுத்தான், ஏரிக்கு யாரு கரை போட்டா, விளக்கெரிக்க எத்தனை ஆடுங்கிற கணக்கு எல்லாம் நமக்குத் தெரியுறது, கல்லுல சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இருக்கிற அந்தக் குழிகள்னாலதான்.

அந்தக் குழிகளுக்கு நாம என்ன பண்ணோம்? 1990கள்லயும் 2000கள்லயும் தமிழ்நாட்டுல பல கோயில்கள்ல திருப்பணின்னு வந்தா, கல்லு மேல இருக்கிற சுண்ணாம்பு, எண்ணெய்ப் பிசுக்கு, கரியை எடுக்க மணலை அடிச்சாங்க. அதே கம்ப்ரசர், அதே ஹோஸ், அதே ஈரத்துண்டு கட்டின பையன். பளிச்சுன்னு புதுக் கல் மாதிரி ஆயிரும். கும்பாபிஷேகத்துக்கு வர்றவங்க அசந்து போவாங்க. ஆனா மணல்ல இருக்கிறதும் குவார்ட்ஸ், கருங்கல்லுல இருக்கிறதும் குவார்ட்ஸ். ரெண்டும் மோதினா ரெண்டும் உடையும். சிற்பத்தோட மூக்கு நுனி, நகை வேலைப்பாடு, கல்வெட்டோட எழுத்து விளிம்பு எல்லாம் மழுங்கிப் போச்சு. பழைய சிற்பி இழைச்சு வச்ச வழவழப்புத் தோல் போனதால, சொரசொரப்பான கல்லுல தூசியும் தண்ணியும் முன்னவிடச் சீக்கிரமா ஏறிக்கிச்சு.

கல்வெட்டு ஆய்வாளர்களும் தொல்லியல்காரங்களும் கத்திக் கத்தித்தான் கோயில்கள்ல மணல் வீச்சு கூடாதுன்னு தடை வந்துச்சு. தண்ணியைப் பீய்ச்சிக் கழுவுற முறை அதுக்குப் பதிலா வந்துச்சு. 2015ல ஒரு நாளிதழ்ல வந்த வாசகர் கடிதத்தை வச்சு, பழைய கோயில்களோட பாதுகாப்பு பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானாவே வழக்கை எடுத்து, 2021 ஜூன் 7 அன்னைக்கு 75 உத்தரவுகளோட தீர்ப்பு சொல்லுச்சு. ஒரு வாசகர் கடிதம், மக்களே! நாம எழுதுறதை யாரு படிக்கப்போறாங்கன்னு சலிச்சுக்கிறவங்களுக்காகச் சொல்றேன்.

"சரிப்பா, மணலுக்குப் பதிலா உன் கண்ணாடி மணியைக் கோயில்ல அடிச்சா?"ன்னு ஒருத்தர் கேப்பீங்க. நானும் யோசிச்சேன். கூடாது. உலோகத்துக்கு நெளியிற குணம் இருக்கு. மணி பட்டா அமுங்கி ஏத்துக்கும். கல்லுக்கு அது இல்ல, அது அமுங்காம துணுக்காத் தெறிக்கும். உருண்டையா இருந்தாலும் அடி அடிதான். வேற நாட்டுக்காரங்களும் இதைப் பட்டுத் தெரிஞ்சிக்கிட்டவங்கதான். அமெரிக்க தேசியப் பூங்காத் துறை 1979லயே, பழைய கட்டடங்களை இப்படித் துகள் வீசிச் சுத்தம் பண்ணாதீங்கன்னு தனியா ஒரு வழிகாட்டி போட்டுச்சு. சுதந்திர தேவி சிலையை 1980கள்ல சரி பண்ணப்போ, உள்பக்கச் செம்புத் தகட்டுல ஒட்டியிருந்த தாரை எடுக்க மணலைத் தொடாம, சமையல் சோடாவை வீசினாங்க. செம்பு ரொம்ப மெல்லிசு, அதைவிட மெத்துன்னு ஒரு பொருள் வேணும்னு தேடிப் பிடிச்சது.

எங்க கோயில் பிரகாரத்துல நடக்கும்போது இப்பல்லாம் தூணைக் கொஞ்சம் நின்னு பாக்குறேன். ஜனங்க கை பட்டுப் பட்டுக் கறுத்து மினுமினுன்னு இருக்கிற இடம் இருக்கும். அது அழுக்கா, இல்ல அதுவும் ஒரு எழுத்தா? எங்கிட்ட பதில் இல்ல. ஆனா எடுக்கிறதுக்கு முன்னாடி யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டாகணும். எடுத்த பிறகு கேட்டுப் பிரயோஜனம் இல்ல. நம்ம வேலையில பேக்கப் இல்லாம டெலீட் கமாண்ட் குடுப்போமா? கோயில் சுவருக்குப் பேக்கப்னு ஏதாவது இருந்தா அது அந்த மைப்படி ஒண்ணுதான். படி எடுக்காத எழுத்து போனா போனதுதான்.

யாராவது பண்றதா இருந்தா

பழைய வண்டி வச்சிருக்கிற மக்கள் நிறைய பேரு இங்க இருக்கீங்கன்னு தெரியும். அதனால எனக்குத் தெரிஞ்சது நாலு:

1. மூடின பெட்டியா, திறந்த ஷெட்டான்னு முதல்ல பாருங்க. திறந்த இடத்துல மணல்னா, விலை கம்மின்னாலும் திரும்பிருங்க. அந்த விலையை வேற யாரோ கட்டுறாங்க.

2. அலுமினியத்துக்குக் கண்ணாடி மணி. கெட்டித் துருவுக்கு அது சரிப்படாது. "எல்லாத்துக்கும் ஒரே சாமான் போடுவோம்"னு சொல்ற இடத்துல இன்ஜினைக் குடுக்காதீங்க.

3. அடிச்சு வந்த பிறகு வெந்நீர், சோப்பு, காத்துன்னு ரெண்டு மூணு தடவை கழுவுங்க. ஆயில் வழிக்குள்ள பத்து மணி ஒளிஞ்சிருந்தாலும் பேரிங் காலி. கார்புரேட்டர் ஜெட் ஓட்டை எல்லாத்தையும் வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. இரும்புச் சாமானா இருந்தா அன்னைக்கே ப்ரைமர் அடிச்சிருங்க, தோல் உரிச்ச இரும்பு ஒரே ராத்திரியில துருப்பிடிக்கும்.

4. மூடுறதுக்கு முன்னாடி சாமானைத் தொடைச்சு, உள்ளயும் வெளியயும் ஒருதடவை நிதானமாப் படிங்க. ஆமா, படிங்கன்னுதான் சொன்னேன். நம்பர், முத்திரை, யாராவது ஆணியால கீறினது, எதுவா இருந்தாலும் முதல்ல போட்டோ எடுங்க, அப்புறம் டேப்பு ஒட்டுங்க.

இன்ஜின் இப்ப மெக்கானிக் அண்ணாச்சி கடையில மாட்டியாகுது. டைமிங் கவரைப் பூட்டுறதுக்கு முன்னாடி அப்பா ஒரு ஆணியைக் கொண்டுபோய் அவருகிட்ட நீட்டியிருக்காரு. "என்ன அண்ணாச்சி, நான் என்னத்தக் கீற? நமக்கெல்லாம் எதுக்கு"ன்னு கூச்சப்பட்டாராம். அப்பா விடல. பழைய தேதிக்குக் கீழ இப்ப புதுசா ஒரு தேதி இருக்கு.